முதல் இரண்டடியில்தான் எல்லாம்: சைலன்சர் மாற்றிய காரைப் புகைச் சோதனையில் தேற்ற எந்த வழி?

அக்கா மகன் போன தை மாதம் கோவையில் ஒரு பழைய கார் வாங்கினான். 2018 மாடல், 1.2 லிட்டர் பெட்ரோல் ஹேட்ச்பேக், ஓட்டமும் குறைவு. பர்லியாரில் கியர் மாற்றியதே குன்னூரில் எங்கள் வீட்டுத் திண்ணைக்குக் கேட்டுவிட்டது என்று அக்கா சொல்வதில் கொஞ்சம்தான் மிகை. வாசலில் நிறுத்திவிட்டு, "மாமா, சவுண்ட் எப்படி?" என்றான். தெருநாய்கள் எனக்கு முன்னாலேயே பதில் சொல்லிக்கொண்டிருந்தன.

மூன்று மாதம் கழித்துப் புகைச் சான்று முடிந்தது. பிஎஸ்-4, அதாவது பாரத் ஸ்டேஜ் 4 என்ற புகை விதிப்படி செய்த வண்டிக்கு அது ஒரு வருடத்துக்குச் செல்லும். சோதனை நிலையத்தில் கொடுத்தது சான்று அல்ல, நிராகரிப்புச் சீட்டு. ஐடிலிங்கில் கார்பன் மோனாக்சைடு 0.7 சதவீதம், ஹைட்ரோகார்பன் 260 பிபிஎம். பிஎஸ்-4 பெட்ரோல் காருக்கு அனுமதி 0.3 சதவீதமும் 200 பிபிஎம்மும். இன்ஜினை நிமிஷத்துக்கு 2,500 சுற்றுக்கு ஏற்றிப் பார்க்கும் இரண்டாவது கட்டம் இன்னும் கண்டிப்பானது: கார்பன் மோனாக்சைடு 0.2 சதவீதத்தைத் தாண்டக் கூடாது, லாம்டா என்ற எண் 0.97-க்கும் 1.03-க்கும் நடுவில் நிற்க வேண்டும். இவன் வண்டி அதிலும் தேறவில்லை.

மேட்டுப்பாளையத்தில் எனக்குப் பழக்கமான மெக்கானிக் ஒருவர் வண்டியை லிஃப்டில் ஏற்றினார். ஒரு நிமிஷம் டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு, "இதுல டப்பாவே இல்லைங்க சார். நேரா பைப்புதான்" என்றார். டப்பா என்று அவர் சொன்னது கேட்டலிடிக் கன்வர்ட்டரை, புகையில் இருக்கும் நச்சு வாயுக்களைக் குறைக்கும் பாகத்தை. முந்தைய உரிமையாளர் கம்பெனி மேனிஃபோல்டை (இன்ஜினிலிருந்து புகையைச் சேர்த்து வெளியே விடும் குழாய்த் தொகுப்பு) கழற்றி, அதற்குப் பதிலாக ஹெட்டர்ஸ் என்ற நீளக் குழாய்களைப் போட்டிருக்கிறார், பின்னால் புகையைத் தடையில்லாமல் விடும் ஃப்ரீ ஃப்ளோ மஃப்ளர். கழற்றிய சாமான் என்ன ஆனது என்று விற்றவருக்கே தெரியவில்லை. தெரிந்தாலும் சொல்லப்போவதில்லை.

அப்புறம் இரண்டு வாரம் நானும் அவனும் விசாரித்ததைத்தான் எழுதுகிறேன். எங்கள் முன்னால் இருந்த வழிகள் நான்கு. அவற்றுக்குள் போகும் முன் ஒன்று. சைலன்சர் மாற்றிய கார் என்றதும் எல்லோர் கண்ணும் பின்னால் நீட்டிக்கொண்டிருக்கும் பெரிய வாய்க்குத்தான் போகும். அது சத்தத்தின் கணக்கு. புகையின் கணக்கு முழுவதும் இன்ஜினை ஒட்டிய முதல் இரண்டடியில் முடிந்துவிடுகிறது. இப்போதைய சின்னப் பெட்ரோல் கார்கள் பெரும்பாலானவற்றில் கேட்டலிடிக் கன்வர்ட்டர் மேனிஃபோல்டோடு சேர்ந்து, இன்ஜினுக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கும். காரணம் சூடு. உள்ளே தேன்கூடு மாதிரி இருக்கும் பீங்கான் கட்டியின் மேல் பிளாட்டினம், பல்லேடியம், ரோடியம் ஆகிய உலோகங்கள் மெல்லிய பூச்சாக இருக்கின்றன. அந்தப் பூச்சு சுமார் 250 முதல் 300 டிகிரி செல்சியஸ் வந்த பிறகுதான் வேலையைத் தொடங்கும். அதுவரைக்கும் அது வெறும் பீங்கான்.

லாம்டா என்பது காற்றும் பெட்ரோலும் கலக்கும் விகிதத்தின் அளவு. சரியாக 1 என்றால் இரண்டும் ஒன்றுக்கொன்று மிச்சமில்லாமல் எரிகின்றன. கன்வர்ட்டர் கார்பன் மோனாக்சைடு, ஹைட்ரோகார்பன், நைட்ரஜன் ஆக்சைடுகள் மூன்றையும் சேர்த்துச் சமாளிப்பது இந்த 1-ஐ ஒட்டிய குறுகிய இடத்தில்தான். அதனால்தான் முன்னால் ஒரு ஆக்சிஜன் சென்சார் கலவையைத் திருத்திக்கொண்டே இருக்கிறது, பின்னால் இன்னொன்று கன்வர்ட்டர் உயிரோடு இருக்கிறதா என்று கண்காணிக்கிறது.

வழிகளைப் பார்க்கும் முன் இன்னொரு வேலையும் இருக்கிறது. பெரும்பாலானோர் இதைத் தாண்டிப் போய்விடுகிறார்கள், பிறகு காசு வீணாகிறது. இன்ஜின் நலமாக இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். ஒரு பிளக் சரியாக எரியாவிட்டால், எரியாத பெட்ரோல் புதிய கன்வர்ட்டருக்குள் போய் அங்கே எரியும். பீங்கான் உருகிவிடும். இன்ஜின் ஆயில் குடிக்கிற வண்டியென்றால் ஆயிலில் உள்ள பாஸ்பரஸ் அந்தப் பூச்சை மெதுவாக மூடிவிடும். மலைக்காரர்கள் தனியாகப் பார்க்க வேண்டியது தெர்மோஸ்டாட், இன்ஜின் சூடாகும் வரை தண்ணீரை ரேடியேட்டருக்கு விடாமல் தடுக்கும் வால்வு. சமவெளியில் வண்டி சூடேறுகிறது என்று யாராவது அதைப் பிடுங்கி எறிந்திருப்பார்கள். சமவெளியில் ஓரளவு தெரியாமல் ஓடும். ஊட்டி டிசம்பர் காலையில் அந்த இன்ஜின் சூடே ஆகாது. இன்னும் குளிராகத்தான் இருக்கிறோம் என்று நினைத்து இன்ஜின் கம்ப்யூட்டர் பெட்ரோலைக் கூடுதலாக ஊற்றிக்கொண்டே இருக்கும், கார்பன் மோனாக்சைடு ஏறும். இவன் காரிலும் தெர்மோஸ்டாட் இல்லை! அதைப் போட்டதும் 0.7 என்றிருந்தது 0.5-க்கு இறங்கியது. தேறவில்லைதான், ஆனாலும் குறைந்த செலவில் கிடைத்த இறக்கம் அது.

சரி, வழிகளுக்கு வருவோம்.

முதல் வழி, கம்பெனி ஷோரூமில் புதிய மேனிஃபோல்டும் கன்வர்ட்டரும் சேர்ந்த பாகத்தை ஆர்டர் செய்வது. இதைப் பற்றி அதிகம் பேச ஒன்றுமில்லை. சென்சார் துளைகள் சரியான இடத்தில் இருக்கும், போல்ட் பொருந்தும், புகை அளவு பூஜ்யத்தை ஒட்டி வரும், சட்டப்படியும் ஒரு கேள்வி வராது. விலைதான் ஐந்து இலக்கம். அதுவும் சின்ன ஐந்து இலக்கம் அல்ல. எங்களுக்குச் சொன்ன தொகையைக் கேட்டு அக்கா மகன், "காரை வித்துடலாமா மாமா?" என்றான். காரை இன்னும் ஐந்தாறு வருடம் வைத்திருக்கப் போகிறவர்களுக்கும், அலைய நேரமில்லாதவர்களுக்கும் இதுவே சரி. அலையத் தயாரானவர்கள் மேலே படியுங்கள்.

இரண்டாவது வழி, அதே கம்பெனி பாகத்தைப் பழைய பார்ட்ஸ் கடையில் தேடுவது. கோவை உக்கடம் பக்கம், இல்லையென்றால் சென்னை புதுப்பேட்டை. விபத்தில் முன்பக்கம் தப்பிய வண்டியின் பாகம் கிடைத்தால் புதியதின் விலையில் பாதிக்கும் கீழே முடிந்துவிடும். ஆனால் இதில் ஒரு பெரிய பொறி இருக்கிறது. மேலே சொன்ன மூன்று உலோகங்களுக்காகப் பழைய கன்வர்ட்டரை எடைக்கு எடுப்பவர்கள் உண்டு. வெளி உறையை நறுக்கி, உள்ளே இருக்கும் தேன்கூட்டை உருவிக்கொண்டு, திரும்ப வெல்டு வைத்துப் பெயிண்ட் அடித்த காலி டப்பாக்கள் கடைகளில் தாராளமாகத் திரிகின்றன. வெளியே பார்க்க அச்சு அசல் கம்பெனிச் சாமான். நாங்கள் பார்த்த முதல் இரண்டும் இப்படித்தான்.

கண்டுபிடிப்பது கஷ்டமில்லை. செல்போன் டார்ச்சை ஒரு முனையில் வைத்து மறுமுனையில் பாருங்கள். நல்ல கன்வர்ட்டரில் வெளிச்சம் சல்லடை வழியாக வருவது போல நுண்ணிய கட்டங்களாகத் தெரியும். வளைந்த மேனிஃபோல்ட் என்றால் நேராகப் பார்க்க முடியாது. சென்சார் துளை வழியாக எட்டிப் பாருங்கள், அங்கிருந்து தேன்கூட்டின் முகமாவது தெரியும். கையில் எடுத்து மெதுவாக ஆட்டுங்கள். உள்ளே கலகல என்றால் பீங்கான் உடைந்துவிட்டது, வேண்டாம். சத்தமே இல்லாமல் எடையும் இல்லையென்றால் காலி. உறையைச் சுற்றிக் கம்பெனி வெல்டு ஒரே சீராக, மெஷின் தைத்த தையல் மாதிரி இருக்கும். அதன் பக்கத்தில் இன்னொரு கோணலான வெல்டு தெரிந்தால் யாரோ வயிற்றைக் கிழித்திருக்கிறார்கள். முகப்பில் கட்டங்கள் அடைத்துக் கரியும் எண்ணெயுமாக இருந்தால் அது ஆயில் குடித்த வண்டியிலிருந்து வந்தது. வேகமாகச் சொல்லிவிட்டேன், ஆனால் கடைக்காரர் முன்னால் இதையெல்லாம் செய்யக் கூச்சப்படக் கூடாது. "டார்ச் அடிச்சுப் பாக்கறீங்களா, பாருங்க பாருங்க" என்று சிரித்துக்கொண்டே எடுத்துக் கொடுப்பவரிடம் வாங்கலாம். முகம் மாறினால் அடுத்த கடை.

இன்னொன்று, உங்கள் வண்டியின் பிஎஸ் எண்ணையும் பாகத்தின் எண்ணையும் பொருத்திப் பாருங்கள். நாடு முழுவதும் பிஎஸ்-4 வந்தது 2017 ஏப்ரலில். அதற்கு முன் சென்னை உட்பட 13 நகரங்களில் மட்டும் 2010-லிருந்து இருந்தது. அதனால் ஒரே மாடல், ஒரே வருடம் என்றாலும் இரண்டு வகைப் பாகம் இருக்கலாம். சென்சார் துளை இடம் மாறினால் ஒயரை நீட்டி அவதிப்பட வேண்டும்.

மூன்றாவது வழிதான் இளைஞர்களுக்குப் பிடித்தது. ஹெட்டர்ஸ் இருக்கட்டும், மஃப்ளரும் இருக்கட்டும், நடுவில் ஒரு யுனிவர்சல் கன்வர்ட்டரை வெல்டு வைத்துவிடுவது. உலோகத் தகட்டில் செய்த தேன்கூடு, சதுர அங்குலத்துக்கு 100, 200, 400 கண்கள் என்று விற்கிறார்கள். கண்கள் குறைந்தால் காற்று சுலபமாகப் போகும், ஆனால் புகை தொடும் பரப்பும் குறையும். பிஎஸ்-4 அளவுக்குள் வர வேண்டுமென்றால் 400-ஐ எடுப்பதே பாதுகாப்பு. மலிவான பெட்டிகளில் பூச்சு எவ்வளவு என்று எங்கேயும் எழுதியிருக்காது. நல்ல பெட்டியும் மட்டமான பெட்டியும் பளபளவென்று ஒரே மாதிரி இருக்கும், ஒன்று இரண்டு வருடம் உழைக்கும், இன்னொன்று அடுத்த சோதனைக்குள் படுத்துவிடும்.

சமவெளியில் இந்த வழி சரியாகக்கூட வரலாம். நீலகிரியில் எனக்கு மூன்று காரணங்களால் பிடிக்கவில்லை.

ஒன்று, இடம். ஹெட்டர்ஸ் நீளமான குழாய்கள். அவை முடிந்த பிறகு வெல்டு வைத்தால் கன்வர்ட்டர் இன்ஜினிலிருந்து ஏறக்குறைய ஒரு மீட்டர் தள்ளி, காரின் வயிற்றுக்கு அடியில் போய்விடும். வழியிலேயே சூடு வெளியேறிவிடும். காலையில் லவ்டேலிலிருந்து சேரிங் கிராஸ் வரைக்கும் பிள்ளையைப் பள்ளியில் விட்டுத் திரும்பும் வண்டியில், மழைத் தண்ணீர் தெறிக்கும் ரோட்டில், அந்தப் பெட்டி வேலை தொடங்கும் சூட்டை எட்டுவதற்குள் பயணமே முடிந்துவிடும். தாள் அளவில் தேறலாம். ஊர்க் காற்றுக்கு ஒரு பிரயோஜனமும் இல்லை.

இரண்டு, தரை. தோட்டப் பாதையில் நடுவில் கல் துருத்திக்கொண்டிருக்கும். கம்பெனி பாகம் மேலே ஒளிந்திருக்கும், வெல்டு வைத்த பெட்டி கீழே தொங்கும். ஒரே இடி, உள்ளே தேன்கூடு நசுங்கும். மாசி, பங்குனியில் புல் காய்ந்து கிடக்கும்போது, கீழே தொங்கும் சூடான கன்வர்ட்டரோடு புல் மேல் வண்டியை நிறுத்துவது தீக்குச்சி உரசுவதற்குச் சமம்.

மூன்றாவது காரணத்தை நாங்கள் காசு கொடுத்தே கற்றோம். இரண்டாவது வழியில் நல்ல பாகம் கிடைக்காத எரிச்சலில் அக்கா மகன் இதைத்தான் முதலில் செய்துபார்த்தான். வெல்டு வைத்துக்கொண்டு சோதனைக்குப் போனான். கார்பன் மோனாக்சைடு 0.1 என்று அழகாக இறங்கியிருந்தது, ஆனால் லாம்டா 1.05. மறுபடியும் நிராகரிப்புச் சீட்டு. வெல்டு கூடும் இடத்தில் ஊசி முனை அளவு ஓட்டை இருந்திருக்கிறது. புகைக்குழாயில் புகை ஒரே சீராகப் போவதில்லை, துடித்துத் துடித்துப் போகிறது. ஒவ்வொரு துடிப்புக்கும் இடையில் அந்த ஓட்டை வெளிக்காற்றை உள்ளே இழுக்கிறது. கருவி கூடுதல் ஆக்சிஜனைப் பார்த்து, கலவை மெலிந்துவிட்டது என்று எழுதிவிடுகிறது. அந்த ஓட்டை முன் சென்சாருக்கு முன்னால் இருந்திருந்தால் இன்னும் மோசம். கம்ப்யூட்டரே ஏமாந்து பெட்ரோலை அதிகமாக ஊற்றும். வெல்டுக்குப் பதிலாகப் போல்ட் பூட்டும் ஃபிளாஞ்ச் போட்டு, இடுக்கை அடைக்கப் புது காஸ்கெட் வைத்தால் சரியாகியிருக்கும். அதற்குள் அவனுக்கு வெறுத்துவிட்டது.

நான்காவது வழியை வழி என்று சொல்ல மனமில்லை, ஆனால் எல்லோரும் முதலில் சொல்வது இதைத்தான். பின் சென்சாருக்கு அடியில், அதைப் புகையிலிருந்து தள்ளி வைக்கும் ஸ்பேசர் என்ற சின்னத் துண்டை வைத்தால் செக் இன்ஜின் லைட் அணைந்துவிடும். அணையும், உண்மைதான். லைட் அணைவதற்கும் புகை குறைவதற்கும் சம்பந்தமில்லை, சோதனைக் கருவி சைலன்சர் வாய்க்குள்தான் மூக்கை விடுகிறது. ரீமேப் செய்து, அதாவது இன்ஜின் கம்ப்யூட்டரின் கணக்கை மாற்றி, கலவையை மெலிய வைத்தால் கார்பன் மோனாக்சைடு குறையும், ஆனால் லாம்டா 1.03-ஐத் தாண்டிவிடும். அந்த எல்லையில் இந்த வேலை மாட்டிக்கொள்ளும். டேங்கில் தின்னர் ஊற்றச் சொல்பவர்களிடம் விலகி இருங்கள், ரப்பர் குழாய்கள்தான் முதலில் போகும். வண்டியே வராமல் சான்று வாங்கித் தருகிறேன் என்பவரைப் பற்றி இங்கே எழுத வேண்டியதில்லை.

சட்டம் கொஞ்சம். மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு தயாரிப்பாளர் கொடுத்த அமைப்பிலிருந்து வண்டியை மாற்றுவதைக் கட்டுப்படுத்துகிறது. 2019 திருத்தத்தில் வந்த 182ஏ பிரிவின்படி, அனுமதியில்லாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். புகை, சத்த அளவை மீறினால் 190(2) பிரிவில் 10,000 ரூபாய் வரை போகலாம், மூன்று மாதம் ஓட்டுநர் உரிமமும் போகலாம். இதை எதற்குச் சொல்கிறேன் என்றால், மூன்றாவது வழியில் புகை தேறினாலும் மாற்றம் மாற்றமாகவே இருக்கும். முதல் இரண்டு வழிகளில் அந்தத் தலைவலி கிடையாது.

அப்படியென்றால் பின் மஃப்ளரை வைத்துக்கொள்ளலாமா என்று அக்கா மகன் கேட்டான். புகை அளவுக்கு அது தடையில்லை, முன்னால் சொன்ன முதல் இரண்டடி சரியாக இருந்தால் போதும். சத்தம் வேறு கணக்கு, அதற்குத் தனி அளவும் சைலன்சர் கட்டாயம் என்ற விதியும் இருக்கின்றன. ஆனால் நான் அவனிடம் சட்டம் பேசவில்லை, ஏற்றம் பேசினேன். ஊட்டி 2,240 மீட்டர். அங்கே காற்றழுத்தம் கடல் மட்டத்தில் இருப்பதில் முக்கால் பங்குக்குக் கொஞ்சம் மேலே, அவ்வளவுதான். டர்போ இல்லாத இன்ஜின் அங்கே ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு பலத்தை இழந்துதான் ஓடும். நல்ல வேளையாக இப்போதைய இன்ஜெக்‌ஷன் வண்டிகள் கலவையைத் தாங்களே திருத்திக்கொள்கின்றன, பழைய கார்புரேட்டர் வண்டிகள் போல மேலே வந்து கரும்புகை விடுவதில்லை. பலம் மட்டும் திரும்பி வராது. அகலமான குழாய் கொஞ்சம் பலம் தருவது 5,000 சுற்றுக்கு மேலே. ஊட்டிக்கும் மசினகுடிக்கும் நடுவே கல்லட்டி மலைப்பாதையின் 36 கொண்டை ஊசி வளைவுகளில் யார் 5,000 சுற்றில் ஓட்டுகிறார்கள்? இரண்டாவது கியரில் 1,500, 2,000 சுற்றில் இழுவை வேண்டும். அங்கேதான் அகலக் குழாய் காலை வாருகிறது. "கல்லட்டி ஏத்தத்துல முதல் கியருக்கு வந்துட்டேன், லாரிக்காரன் ஓவர்டேக் பண்ணிட்டான்" என்று அவனே முன்பு புலம்பியிருந்தான். மசினகுடிப் பக்கம் போகும்போது யானை இருக்கும் காட்டில் அந்தச் சத்தத்தோடு போவதைப் பற்றி நான் பேசவே தேவைப்படவில்லை.

கடைசியில் உக்கடத்தில் மூன்றாவது முறை போனபோது ஒரு நல்ல மேனிஃபோல்ட் கிடைத்தது. டார்ச் வெளிச்சம் கட்டம் கட்டமாக வந்தது, ஆட்டினால் சத்தமில்லை, வெல்டு ஒன்றுதான். புது காஸ்கெட், புது நட்டுகள், முன் சென்சாரும் புதிது. பழைய மஃப்ளரும் அங்கேயே கிடைத்ததால் பின் பக்கமும் கம்பெனி நிலைக்குத் திரும்பியது. வெல்டு வைத்த யுனிவர்சல் பெட்டிக்குப் போன காசு போனதுதான். அதையும் சேர்த்தால்கூட ஷோரூம் விலையை எட்டவில்லை, ஆனால் அலைந்த பெட்ரோலையும் நாட்களையும் கணக்கில் போட்டால் வித்தியாசம் அவன் சொல்லிக்கொள்ளும் அளவுக்குப் பெரிதில்லை. டீசல் வண்டி வைத்திருப்பவர்களுக்கு இந்தக் கணக்கு எதுவும் பொருந்தாது, அங்கே அளப்பது புகையின் அடர்த்தி, பாகங்களும் வேறு.

சோதனைக்குப் போகும் திசையும் முக்கியம். ஊட்டியிலிருந்து குன்னூருக்கு இறங்கி வந்து சோதனை கொடுக்காதீர்கள். இறக்கத்தில் ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்துக் கியரில் இறங்கும்போது கம்ப்யூட்டர் பெட்ரோலை நிறுத்திவிடும். இன்ஜின் வெறும் குளிர்காற்றை உள்ளிழுத்துக் கன்வர்ட்டர் மேல் ஊதிக்கொண்டே வரும், அது சூடு இறங்கித்தான் நிலையத்துக்குள் நுழையும். ஏற்றம் ஏறிப் போய்க் கொடுங்கள். அருவங்காட்டிலிருந்து ஊட்டி, மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூர், எதுவானாலும் சரி. நிலையத்தில் வரிசை நின்றால் இன்ஜினை அணைக்காதீர்கள். இவன் மேட்டுப்பாளையத்திலிருந்து ஏறி நேராகப் போனான்: ஐடிலிங்கில் கார்பன் மோனாக்சைடு 0.02, ஹைட்ரோகார்பன் 30, லாம்டா 1.00.

ஐந்நூறு கிலோமீட்டர் ஓடிய பிறகு மேனிஃபோல்ட் நட்டுகளை ஒருமுறை முடுக்கச் சொல்லி மெக்கானிக் அனுப்பினார். சூடேறி ஆறி ஏறி ஆறிப் புது காஸ்கெட் கொஞ்சம் அமுங்கும், அங்கேதான் அடுத்த ஊசி ஓட்டை பிறக்கும். அக்கா மகன் இன்னும் போகவில்லை. ஹெட்டர்ஸ் எங்கள் விறகு ஷெட்டில் கிடக்கிறது.